செய்தவருக்கும் தெரியாத விடை

பேராதனையில் மகாவலியின் மேலே ஒரு காலத்தில் முதிரை மரத்தால் ஆன பாலம் ஒன்று இருந்தது. 1830களின் தொடக்கத்தில் ஜோன் பிரேசர் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் அதை வடிவமைத்தார். கரைக்குக் கரை ஒரே வளைவு, 205 அடி. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. ஆணி அடிக்காமல், மரத்தோடு மரத்தைப் பொருத்தியே எழுப்பினார்கள். 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம்விடும்வரை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது நின்றது.

பாலம் எழுந்த பிறகு கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1867இல் ரயில் கண்டிக்கு வந்து சேரும்வரை, கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குப் போன கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் இந்த வளைவின் மேலாகத்தான் போயின. பிரேசர் படம் வரைந்தபோது இத்தனை வண்டிகளை எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை. கோப்பியின் பெருக்கம் பாலத்துக்குப் பிறகுதான் வந்தது.

பாலம் கட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாளாகச் செய்து உலகத்தின் முன் வைக்கும் ஓர் இளைஞரை நினைக்கும்போது, பிரேசரும் கூடவே நினைவுக்கு வருகிறார். பளு எங்கே விழும், எந்த மூட்டு முதலில் விட்டுக்கொடுக்கும் என்று இருவரும் தம்மால் இயன்றவரை கணித்துப் பார்க்கிறார்கள். பிறகு முகம் தெரியாதவர்களை அதன்மேல் ஏறவிடுகிறார்கள். பிரேசருக்கு வண்டிக்காரர் எவரும் கடிதம் எழுதியிருக்கமாட்டார். விளையாட்டைச் செய்தவருக்கோ முதல் இரவிலேயே கடிதங்கள் வந்துவிடும். அவற்றுக்குப் பதில் எழுதுவதை வேலை முடிந்த பிறகு செய்யும் உபசாரமாகவே பலர் நினைக்கிறார்கள். பௌதிகப் புதிர் விளையாட்டில் அது உபசாரமாக இருக்க முடியாது. ஆடுபவருக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் அந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்பதே தீர்மானமாகிறது என்று நம்புகிறேன்.

காரணம் இந்த வகை விளையாட்டின் இயல்பிலேயே இருக்கிறது. குறுக்கெழுத்துப் புதிரைத் தயாரிப்பவரின் மேசை இழுப்பறையில் விடை பத்திரமாக இருக்கும். சுடோக்குவுக்கு ஒரே விடைதான். பௌதிகப் புதிரைச் செய்பவர் தருவது ஒரு சிறிய உலகத்தையும் அதன் விதிகளையும். இங்கே புவியீர்ப்பு இவ்வளவு, மரத்தின் திணிவு இவ்வளவு, உராய்வு இவ்வளவு. இந்த வண்டியை அக்கரை சேர். ஒரு விடையாவது உண்டென்று அவருக்குத் தெரியும். தானே ஆடிப் பார்த்திருப்பார். மற்ற விடைகள் எத்தனை, அவை எப்படி இருக்கும் என்பது அவருக்கே தெரியாது. 1993இல் வெளியான, டைனமிக்ஸ் நிறுவனத்தின் 'தி இன்கிரெடிபிள் மெஷின்' காலத்திலிருந்தே இது இப்படித்தான். பந்தும் கப்பியும் கயிறும் நெம்புகோலும் பூனையும் எலியும் கொடுத்து, இந்தப் பந்தை அந்தக் கூடைக்குள் விழவை என்று சொன்ன விளையாட்டு அது. எப்படி விழுத்தினாய் என்று அது கேட்கவில்லை.

பின்லாந்துக்காரரான பெட்ரி புர்ஹோ இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 2007இல் சில நாட்களில் செய்த முன்மாதிரி ஒன்றை வளர்த்தெடுத்து, 2009இல் 'கிரேயன் பிசிக்ஸ் டிலக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். வண்ணக் குச்சியால் கோடு கீறினால் கோடு பாரமான பொருளாகி விழும், உருளும், சாயும். அதைக்கொண்டு ஒரு சிறு பந்தை நட்சத்திரத்திடம் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு படம் கீறி முடித்தால் அதற்கு ஒரு பாராட்டு. ஆணியும் கயிறும் இல்லாமல் முடித்தால் இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு: அபாரமான தீர்வு. எது அபாரம் என்று தீர்மானிப்பது ஆடுபவர்தான். செய்தது அபாரம் என்று அவருக்குத் தோன்றினால் அவரே அடையாளமிட்டுக்கொள்ளலாம். கணினி சரிபார்க்காது. இந்த விளையாட்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விடைத்தாளை மாணவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகும் ஆசிரியர்களை நாங்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்?

எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறார்கள். கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் பஸ் ஏறிக் கண்டி ரியூஷன் வகுப்புகளுக்கு வருகிறார்கள். இலேசான நீட்டமுடியாத இழை, ஒப்பமான கப்பி, விறைப்பான கோல் என்று தொடங்கும் கணக்குகளை நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள். சட்டப்படலில் ஒவ்வொரு கோலிலும் உள்ள தகைப்பை வரைந்து காண்கிறார்கள். அவர்களில் சிலர் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போகிறார்கள். அங்கே கணினிப் பொறியியலுக்குத் தனித் துறை 1985 முதல் இருக்கிறது. ஆகவே பாலம் கட்டும் விளையாட்டைச் செய்யத் தேவையான அறிவு இந்த ஊரில் தாராளமாக உண்டு. ஆனால் பாடப்புத்தகத்தின் இழையும் கோலும் கணினிக்குள் கிடையாது. முதல் விளையாட்டைச் செய்யும் ஒவ்வொருவரும் அதிர்ந்துபோகும் இடம் அதுதான். ஆடுபவர்களின் முறைப்பாடுகளில் பெரும்பகுதி பிறப்பதும் அங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இன்று எவரும் நியூட்டனின் விதிகளை முதலிலிருந்து நிரலாக எழுதவேண்டியதில்லை. எரின் கட்டோ என்ற நிரலாளர், விளையாட்டுச் செய்பவர்களின் மாநாடு ஒன்றில் 2006இல் செய்துகாட்டிய சிறு மாதிரியிலிருந்து வளர்ந்தது 'பொக்ஸ்2டி' என்ற பௌதிகப் பொறி. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம் என்று அவர் அதை விட்டுவிட்டார். கிரேயன் பிசிக்ஸ், 'ஆங்ரி பேர்ட்ஸ்', 'லிம்போ' எல்லாம் அதன்மேல் எழுந்தவை. கோடிக்கணக்கானோர் கவணை இழுத்துப் பறவையை விட்டபோது, அந்தப் பறவை விழுந்த வளைவுக்குப் பின்னால் இருந்தவரின் பெயர் மிகச் சிலருக்குத்தான் தெரிந்திருந்தது.

அந்தப் பொறி காலத்தைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. வழக்கமாக ஒரு செக்கனுக்கு அறுபது துண்டு. ஒவ்வொரு துண்டிலும் எல்லாப் பொருட்களையும் சிறிது நகர்த்துகிறது. மூட்டுகள் விலகியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணத்தாக்குக் கொடுத்து உரிய இடத்துக்குத் தள்ளுகிறது. ஒரு மூட்டைத் திருத்தினால் பக்கத்து மூட்டு சற்று விலகும். அதைத் திருத்தினால் முதலாவது மறுபடி கொஞ்சம் விலகும். இப்படிச் சில சுற்றுகள் திருத்திவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்குக்குள் அதற்கு அவ்வளவுதான் அவகாசம். நீண்ட சங்கிலியின் ஒரு முனையில் செய்த திருத்தம் மறுமுனைவரை போய்ச் சேராது. அதனால் கயிறு ரப்பரைப்போல நீளும், பலகை அடுக்கு நடுங்கும். நீட்டமுடியாத இழை என்று எழுதிப் பழகிய கைக்கு இதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

வேகமான பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் போகும் பந்து, ஒரு துண்டு நேரத்தில் அரை மீற்றர் நகர்கிறது. எதிரே இருக்கும் சுவரின் தடிப்பு 20 சென்ரிமீற்றர். இந்தத் துண்டில் பந்து சுவருக்கு இந்தப் பக்கம். அடுத்த துண்டில் அந்தப் பக்கம். இடையில் அது சுவரைத் தொட்ட கணம் என்று ஒன்று கணினிக்கு இல்லவே இல்லை. இதைத் தடுக்க வழிகள் உண்டு. ஆனால் போன் பழையதாக இருந்து, நிரலும் கவனக்குறைவாக எழுதப்பட்டிருந்தால், துண்டுகள் பெரிதாகும். செக்கனுக்கு இருபது துண்டு என்றானால் அதே பந்து ஒரே தாவலில் ஒன்றரை மீற்றர் போகும். செய்தவரின் மேசையில் உறுதியாக நின்ற பாலம், கம்பளையில் ஒரு பிள்ளையின் கையில் உள்ள பழைய போனில் சரிந்துவிடும். உலகம் இரண்டாகிவிட்டது என்று பொருள்.

"நேற்று நின்ற பாலம் இன்று விழுகிறது, உங்கள் விளையாட்டு பிழை" என்று ஒருவர் எழுதும்போது, 'நீங்கள் சரியாகக் கட்டவில்லை' என்று பதில் எழுத விரல் துடிக்கும். பெரும்பாலும் எழுதியவர் சொல்வதுதான் சரி. காலத் துண்டின் அளவை எல்லாப் போனிலும் ஒன்றாகவே வைத்து, காட்சி மட்டும் பின்னால் வந்து சேரும்படி எழுதினால் இந்தக் குறையின் பெரும்பகுதி தீரும். அதன் பிறகும் வெவ்வேறு சில்லுகள் தசமங்களை வெட்டும் விதத்தில் மிகச் சிறிய வேறுபாடுகள் மிஞ்சலாம். நூறு துண்டுகளில் அவை பெருகி ஒரு பலகையை இந்தப் பக்கம் விழுத்துவதா அந்தப் பக்கம் விழுத்துவதா என்பதைத் தீர்மானிக்கலாம்.

நியூசிலாந்தின் ட்ரை கக்டஸ் குழு 2016இல் வெளியிட்ட 'பொலி பிரிட்ஜ்' விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு. 2020இல் அவர்கள் அடுத்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது, பாலங்களுக்கென்றே புதிய பௌதிகப் பொறி ஒன்றை எழுதினார்கள். துல்லியத்தையும், ஒருமுறை நடந்தது மறுமுறையும் அப்படியே நடக்கும் என்ற உறுதியையும் அதன் சிறப்பாகச் சொன்னார்கள். அவர்கள் செய்ததில் நான் மதிக்கும் இன்னொன்று, புதிய பொறியைப் பழைய விளையாட்டுக்குள் திணிக்காமல் புதிய விளையாட்டில் வைத்தது.

வேறு வகை விளையாட்டில் ஒரு குறையைத் திருத்தினால் குறை போய்விடும், அவ்வளவுதான். இங்கே உராய்வை 0.4இலிருந்து 0.3 ஆக்குவது இயற்கையின் விதியை மாற்றுவது. சரிவு ஒன்றில் வண்டி வழுக்குகிறது என்று ஒருவர் முறையிட, அதற்காக ஓர் எண்ணை மாற்றினால், அதற்கு முன் ஆடி முடித்த எல்லோருடைய பாலங்களும் ஒரே இரவில் ஆட்டம் காணலாம். இரண்டு வாரம் யோசித்துக் கட்டிய ஒன்றை, கட்டியவர் தூங்கும்போது வந்து உடைத்துவிட்டுப் போவதற்கு இது சமம். ஒருவருக்குக் கேட்ட உடனே உதவ வேண்டும் என்ற நல்ல மனமே இதைச் செய்துவிடும் என்பதால்தான் இதில் அவசரம் கூடாது என்கிறேன். வெளியான படிநிலைகளின் விதிகளைத் தொடாமல், திருத்திய விதிகளைப் புதிய படிநிலைகளில் வைப்பது மெதுவான வழி. எனக்கு அதுவே நேர்மையான வழியாகவும் படுகிறது.

உண்மையான பாலம் கட்டுபவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. இலண்டனில் தேம்ஸ் நதிமேல் 2000ஆம் ஆண்டு யூன் மாதம் திறந்த மிலேனியம் நடைபாலம் முதல் நாளே பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. பாலம் சற்று அசைய, நடப்பவர்கள் விழாமல் இருக்க அந்த அசைவோடு ஒத்துக் காலடி வைத்தார்கள். அது அசைவை மேலும் கூட்டியது. அப்படி நடக்காதீர்கள் என்று எவரும் அறிவிப்புப் பலகை வைக்கவில்லை. இரண்டு நாளில் மூடினார்கள். மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அசைவைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல் மறுபடி திறந்தார்கள். பாவிப்பவரின் நடை பாலத்தின் கணக்கில் சேர்ந்துகொண்டது. பேராதனைப் பூங்காவின் தொங்கு பாலத்தில் ஒரே நேரத்தில் சிலர் மட்டுமே ஏறலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. அதுவும் ஒரு பதில்தான், வேறு வகையான பதில்.

முறைப்பாடுகளைவிடக் கடினமானவை மகிழ்ச்சிக் கடிதங்கள். பாலம் கட்டும் விளையாட்டுகளில் பாலமே கட்டாமல் அக்கரை சேர்ந்தவர்கள் நிறைய. வண்டியை வில்போல வளைத்த பலகையில் வைத்து அக்கரைக்கு எறிந்துவிடுபவர் ஒருவர். பாதிப் பாலம் கட்டி, வண்டி ஏறியதும் அது உடைந்து சரிய, சரிந்த பலகைகளின் மேலேயே வண்டியை உருட்டிக் கரையேற்றுபவர் இன்னொருவர். 'நான் வென்றுவிட்டேன், பாருங்கள்' என்று அவர்கள் படம் அனுப்புவார்கள். செய்தவர் மாதக்கணக்கில் யோசித்து அமைத்த படிநிலை ஒரு நிமிடத்தில் தாண்டப்பட்டிருக்கும். அந்த ஓட்டையை அடைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு.

அடைக்கக்கூடாது என்பது என் கட்சி. எதிர்க்கட்சியின் வாதத்தில் நியாயம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். நான்காம் படிநிலை முக்கோணத்தின் உறுதியைக் கற்றுக்கொடுக்க அமைந்தது; எறிந்து தாண்டியவர் அதைக் கற்காமலே ஐந்தாவதில் போய் முட்டி நிற்பார்; பிறகு விளையாட்டு கடினம் என்று கைவிடுவார். உண்மைதான். ஆனால் முக்கோணத்தின் உறுதியை ஐந்தாவதும் கற்றுக்கொடுக்கலாம், ஆறாவதும் கற்றுக்கொடுக்கலாம். எறிந்து தாண்டியவர் கற்றது வேறொன்று: பலகை வளைந்தால் அதில் சக்தி சேமிக்கப்படுகிறது. அதுவும் பௌதிகம்தான். வேறு ஆடுபவர்களோடு போட்டிபோட்டுத் தரவரிசை காணும் இடத்தில், ஒருவரின் ஓட்டை இன்னொருவரின் உழைப்பைப் பறிக்கும் என்றால், அங்கே மட்டும் அடைக்க ஒத்துக்கொள்வேன். தனியாக ஆடும் பிள்ளையின் கண்டுபிடிப்பை, செய்தவரின் திட்டத்தில் இல்லை என்பதற்காகப் பிழை என்று திருத்துவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பொலி பிரிட்ஜ் குழுவினர் இந்த விசித்திரத் தீர்வுகளைக் குறும் அசைபடமாக எடுத்துப் பகிரும் வசதியை விளையாட்டுக்குள்ளேயே வைத்தார்கள். எறியப்பட்ட வண்டிகளின் அந்தப் படங்களே விளையாட்டை ஊர் ஊராக எடுத்துச் சென்றன.

இந்தத் துறையில் தனியாட்களின் காலத்தைத் தொடங்கிவைத்தவற்றுள் ஒன்று 'வேர்ல்ட் ஒஃப் கூ'. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, ஒரு வாரத்துக்குள் ஒருவரே ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கவேண்டும் என்ற பயிற்சியில் கைல் கேப்ளர் 2005இல் செய்த சிறு கோபுர விளையாட்டு அதன் வித்து. பிறகு அவரும் ரொன் கார்மலும் பெரிய நிறுவன வேலையை விட்டு, கையிலிருந்த சிறு சேமிப்பை வைத்து, சான் பிரான்சிஸ்கோவின் கோப்பிக் கடைகளில் உட்கார்ந்து அதை முழு விளையாட்டாக வளர்த்தார்கள். 2008 ஒக்ரோபரில் வெளியானது. பிசுபிசுப்பான சிறு உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கோபுரமும் பாலமும் கட்டி, மிச்ச உருண்டைகளைக் குழாய்வரை கொண்டுபோக வேண்டும். மிஞ்சிய உருண்டைகளைக் கொண்டு ஆடுபவர் தனக்கென்று ஒரு கோபுரம் கட்டலாம். அந்தக் கோபுரத்தைச் சுற்றி மேகங்கள் மிதக்கும். ஒவ்வொரு மேகமும் உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொருவரின் கோபுரம் எவ்வளவு உயரம் என்று காட்டும். பேச்சில்லை, கடிதமில்லை, ஆனால் இன்னொருவரும் இதே ஈர்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆடுபவர்களுக்குக் கொடுக்கக்கூடிய பதில்களில் இவ்வளவு மென்மையான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விளையாட்டு வெளியாகி ஓராண்டு நிறைந்தபோது, விரும்பியதைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் ஏறத்தாழ 57,000 பேர் வாங்கினார்கள். சராசரி இரண்டு டொலர். ஒரே ஒரு சதம் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில். இதை ஏமாற்றமாக எழுதியவர்கள் உண்டு. ஒரு சதம் கொடுத்தவர் இலவசமாகத் திருடிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு வாசல்வழியாக வந்திருக்கிறார் என்று பார்த்தால் படம் மாறும்.

இனி நம் ஊர் நிலைமை. ஸ்ரீம் (Steam) என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு விளையாட்டை வைக்க 100 டொலர் கட்டவேண்டும். 1,000 டொலருக்கு விற்றால் அது திரும்பி வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் அந்த 100 டொலர் ஏறக்குறைய 20,000 ரூபா. மே மாதத்தில் 36,000 ரூபா. அதே மார்ச் மாத முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. மடிக்கணினியின் மின்கலம் தீரும்வரை நிரல் எழுதிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த நாட்டில் நிறையப்பேர். வெளிநாட்டிலிருந்து சிறு தொகைகளைப் பெறுவதற்கு உலகம் பாவிக்கும் பேபால், பணம் அனுப்புவதற்கு மட்டுமே நீண்ட காலம் இங்கே திறந்திருந்தது. ஸ்ரீம் விதிப்படி வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நல்ல விதி, வாங்குபவரைக் காப்பது. ஆனால் ஒருவர் தனியாகச் செய்யும் பௌதிகப் புதிர் பல நேரம் இரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும் அளவானது. முழுவதும் ஆடி, ரசித்து, பாராட்டும் எழுதிவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்களைப் பற்றிச் சிறு விளையாட்டுச் செய்பவர்கள் வருத்தத்தோடு பேசுவதுண்டு.

நேரமும் நமக்கு எதிர். கலிபோர்னியாவில் காலை பத்து மணி என்றால் கண்டியில் இரவு பத்தரை; குளிர்காலத்தில் பதினொன்றரை. கட்டுகலைப் பிள்ளையார் கோயில் நடை சாத்தி, கண்டி நகரத்தில் கடைசி பஸ்ஸும் போன பிறகுதான் அங்கே விளையாட்டு கடைக்கு வரும், முதல் கடிதங்களும் வரத் தொடங்கும். விடியும்வரை விழித்திருந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவதைக் கடமையாக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: நித்திரை கொள்ளுங்கள். களைத்த கை எழுதும் பதிலும், களைத்த கை மாற்றும் உராய்வு எண்ணும் இரண்டுமே ஆபத்து.

ஹனோயைச் சேர்ந்த டொங் நுயென் என்பவரின் கதையை இங்கே நினைக்க வேண்டும். 2013 மே மாதத்தில் அவர் தனியாகச் செய்து வெளியிட்ட 'ஃப்ளப்பி பேர்ட்' ஒரு பறவை, சில குழாய்கள், கீழே இழுக்கும் ஈர்ப்பு, இவ்வளவுதான். பல மாதம் யாரும் கவனிக்கவில்லை. 2014 தொடக்கத்தில் உலகம் முழுவதும் அதைத்தான் ஆடியது. வசைகள், கெஞ்சல்கள், வேலையும் படிப்பும் கெட்டதென்ற முறைப்பாடுகள் எல்லாம் ஒரே ஆளின் போனுக்கு வந்தன. பெப்ரவரி 9ஆம் திகதி அவர் விளையாட்டையே கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிடம் ஆடத்தான் அதைச் செய்ததாகவும், அது போதையாக மாறிவிட்டதாகவும் பின்னர் சொன்னார். நாளொன்றுக்குப் பல்லாயிரம் டொலர் விளம்பரத்தால் வந்துகொண்டிருந்த நேரம் அது. அதைக் கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். தன் கையால் ஆனது பிறரை என்ன செய்கிறது என்று கவனித்து ஒருவர் கொடுத்த பதிலாகத்தான் எனக்கு அது தெரிகிறது. எல்லாப் பதிலும் எழுத்தில் வரவேண்டியதில்லை.

பௌதிகப் புதிர் நம் போன்ற ஊர்களுக்குப் பொருத்தமான வகை என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணம், அதற்குச் சொற்கள் அதிகம் தேவையில்லை. பலகை சாய்ந்தால் வண்டி உருளும் என்பதை எந்த மொழிக்காரருக்கும் விளக்கவேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் ஒரே பஸ்ஸில் போகும் கண்டியில் பிறக்கும் ஒரு விளையாட்டுக்கு அது பெரிய வசதி. ஆடுபவர் எழுதும்போதுதான் மொழி உள்ளே வருகிறது. ஆங்கில எழுத்தில் தமிழையும் சிங்களத்தையும் தட்டி எழுதுவார்கள். போர்த்துக்கேய மொழியிலும் யப்பானிய மொழியிலும் வரும். ஆங்கிலக் கடிதங்களுக்கு மட்டும் கவனமாகப் பதில் எழுதிவிட்டு, நம் பிள்ளைகளின் கொச்சையான வரிகளைத் தள்ளிவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மற்றத் துறைகளில் நாம் பழகிய அதே பழக்கம்தான். அந்தப் பிள்ளைதான் பழைய போனில் ஆடுகிறது. காலத் துண்டு பெரிதாகும் இடத்தை அதுதான் முதலில் காணும்.

ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 யூலையில் வெளியிட்ட 'வெண்பா' பௌதிகப் புதிர் அல்ல. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பது அதன் ஆரம்பப் புதிர்களில் ஒன்று. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும், முதல் விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. இட்லியைக் கண்டிராதவர்களும் அந்தத் தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். நம் வீட்டுப் பொருளொன்றின் பௌதிகத்தை உலகம் ஆடிப் பார்க்கும் என்பதற்குச் சான்று கையில் இருக்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. கொழுந்து மேல்மாடியில் வாடி, கீழே இறங்கி உருண்டு, புளித்து, காய்ந்து, சலித்துப் பிரியும் ஒழுங்கை அங்கே சுற்றிப் பார்த்தால் ஒரு முழு விளையாட்டுக்கான படிநிலைகள் கண்முன்னே வரும். மலையிலிருந்து கம்பிவழியாகக் கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு இறக்கிய தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு, கம்பியின் சரிவும் மூட்டையின் பாரமும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அப்படி ஒன்றை யாராவது செய்தால், அதை ஆடிவிட்டு மூட்டை இப்படி இறங்காது, அப்படித்தான் இறங்கும் என்று எழுதப்போவது அந்தத் தோட்டத்து மனிதர்களாக இருக்கும். அந்தக் கடிதங்களுக்காகவே அது செய்யப்பட வேண்டும்.

பதில் எழுதும்போது செய்பவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: என்ன போன், எந்தப் படிநிலை. குறையைக் கண்டுபிடிக்க அவை போதும். மூன்றாவதாக ஒன்றையும் கேட்கவேண்டும்: நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்? கோபமாக எழுதியவரும் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதுவார். முதலில் இரண்டு தூண் வைத்தேன், பிறகு ஒன்றை எடுத்தேன், கயிற்றை மேலே கட்டினேன், வண்டி நடுவில் நின்றுவிட்டது, பின்னால் இன்னொரு பலகையால் தள்ளிப் பார்த்தேன் என்று. அதைப் படிக்கும்போது, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளலாம் என்பதை விளையாட்டைச் செய்தவர் முதல் தடவையாக அறிந்துகொள்வார்.